இரண்டு நாயனம், ஒரு பல் செட்

இத்தனை வருஷமாகப் பல் பிடுங்கிப் பிழைக்கிறவள் நான். பிடுங்காதே என்று கெஞ்சியவர்களைப் பார்த்திருக்கிறேன். பிடுங்கிய பிறகு சாபம் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊசியைக் கண்டதும் எழுந்து, கழுத்தில் கட்டிய துணியோடு மாட வீதி வரை ஓடிவிட்ட ஒரு போலீஸ்காரரைக்கூடப் பார்த்திருக்கிறேன். ஆடாத, சொத்தையில்லாத, வலிக்காத முன்பல் நாலையும் எடுத்துவிடுங்கள் என்று கேட்டு வந்தவள் ஒருத்திதான். அன்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதோடு விட்டார்களா, அவளும் அவள் புருஷனும்? இல்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் என் கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளம். பத்தோடு பதினொன்றாகத்தான் பல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் புல்லாங்குழல்காரர் ஒருவர் வந்தார். மேல் முன்பல்லில் ஒரு மூலை உடைந்திருந்தது. உடைந்த இடம் தெரியாதபடி கட்டி அனுப்பினேன். மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே வாசலில் நிற்கிறார். "பல்லு அழகா இருக்கு டாக்டர். ஆனா காத்து வேற பக்கம் போகுது," என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இது என்ன புதுக் கதை என்று நினைத்தேன். அவர் பேசாமல் பையிலிருந்து குழலை எடுத்து ஊதிக் காட்டினார். மேல் ஸ்தாயியில் வெறும் காற்றுதான் வந்தது.

பல்லைக் கொஞ்சம் தேய்த்தேன், அவர் ஊதினார். மறுபடி கொஞ்சம் தேய்த்தேன், மறுபடி ஊதினார். ஒரு இடத்தில் சட்டென்று குழல் பேசியது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பிள்ளை பெற்றவர் மாதிரி இருந்தார். அந்தச் சங்கதி எப்படியோ பரவிவிட்டது. சாந்தோம் பக்கத்து பேண்டில் டிரம்பெட் ஊதுகிறவர்கள், சாக்ஸபோன்காரர்கள், கிளாரினெட்காரர்கள், கோயில் நாயனக்காரர்கள் என்று ஊதுகிற ஜனமெல்லாம் என் கடைக்கு வர ஆரம்பித்தது. ஊதுவது உதடுதான், ஆனால் அந்த உதட்டைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடிப்பது பல். கால் ஆடினால் பந்தல் ஆடும் என்பது போலத்தான். அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு ஒரு சட்டம் வைத்தேன். வாத்தியத்தோடு வர வேண்டும். முதலில் வாசிக்க வேண்டும், பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். வாத்தியம் இல்லாமல் வந்தவர்களைத் திட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

மாடி வீட்டு மாமிக்கு இது பிடிக்கவில்லை. "எங்காத்துல குழந்தை தூங்கிண்டிருக்கு. நீங்க என்னடான்னா தினமும் கீழ கல்யாணம் நடத்திண்டிருக்கேள்," என்று படியில் நின்று சண்டை போட்டாள். நானும் சளைக்காமல் போட்டேன். கொஞ்ச நாள் கழித்து, "இன்னிக்கு யாரு, சித்த நன்னா வாசிக்கறாளே," என்று ஜன்னலில் எட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு சண்டை குறைந்துவிட்டது.

இனி அந்த ஜோடி. வடபழனி கோயிலுக்குப் பின்னால் குடியிருக்கிறார்கள். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் நாயனம். கல்யாணம், சீமந்தம், கும்பாபிஷேகம் எதுவானாலும் சேர்ந்துதான் போவார்கள், சேர்ந்துதான் வாசிப்பார்கள். அவர் வலப்பக்கம், அவள் இடப்பக்கம். முதலில் எடுப்பவர் அவர், கூடவே தொடர்வது அவள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இரண்டு நாயனம் என்றே சொல்ல முடியாது, ஒரு பெரிய நாயனம் ஊதுகிறது என்றுதான் தோன்றும். அவளுக்கு ஏறக்குறைய என் வயது. பழக்கத்தில் நான் அவளை நீ என்பேன், அவள் என்னை டாக்டரம்மா என்பாள்.

அவருக்கு சுகர். சுகர் இருக்கிறவர்களுக்கு ஈறுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். என்னிடம் வரும்போதே மேல் முன்பல் நாலும் நாட்டியம் ஆடிக்கொண்டிருந்தன. காப்பாற்ற முடியவில்லை. எடுத்துவிட்டு, கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு பல் செட் செய்து கொடுத்தேன். மனுஷர் மகா ரோஷக்காரர். மைனர் மாதிரி மீசை, சலவை மடிப்பு கலையாத ஜிப்பா. பல் இல்லாத வாயைப் பெண்டாட்டி பார்த்துவிடக் கூடாது. நான் செட்டைக் கழற்றச் சொல்லும்போதெல்லாம் அவளைத் திரும்பிப் பார்த்து, "நீ கொஞ்சம் வெளிய இரு," என்பார். அவளும் பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். வீட்டிலும் அப்படித்தானாம். ராத்திரி விளக்கை அணைத்த பிறகுதான் கழற்றுவாராம், விடிவதற்குள் எழுந்து மாட்டிக்கொள்வாராம்.

இப்படி இருக்கையில் ஒரு காலை அவள் மட்டும் தனியாக வந்தாள். என் தங்கை மகள் கல்யாணத்துக்கு இவர்களைத்தான் பேசிவிட்டிருந்தேன். அது விஷயமாக வந்திருக்கிறாள் என்று நினைத்து, அச்சாரத்துக்கு அனுப்பிய வெற்றிலை பாக்கு வந்ததா என்று விசாரித்தேன். அவள் அதற்குப் பதில் சொல்லாமல் நேரே போய் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

"இன்னா டாக்டரம்மா, உங்களுக்கு இப்ப வேலை ஒண்ணும் இல்லியே?"

"இல்ல. ஏன், பல்லு வலியா?"

"வலியெல்லாம் இல்ல. மேல முன்னாடி நாலு கீதே, அத்த எடுத்துட்டு அவருக்கு வெச்ச மாரியே எனக்கும் ஒரு செட்டு வெச்சிடுங்க."

நான் வாய்க்குள் சின்னக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். முத்து மாதிரி பல். தட்டிப் பார்த்தேன், பாறை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இதுல என்ன கேடு வந்துச்சு இப்ப?" என்றேன்.

"கேடு ஒண்ணும் வரல. அதான் கேடு. அவரு பல்லு போனதுலேந்து அவரு நாயனத்து கொரலு எறங்கிப் போச்சு. என்னுது அப்டியே கீது. ரெண்டும் சேர மாட்டேங்குது."

இவள் விளையாடவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. நல்ல பல்லைப் பிடுங்குகிற டாக்டர் நான் இல்லை, உனக்குப் புத்தி கித்தி பிசகிவிட்டதா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவள் அசையவில்லை. சின்னக் குழந்தைக்குச் சொல்வது போல எனக்குச் சொன்னாள்.

"சீவாளி தெரியும்ல உங்களுக்கு, வாயில வெச்சி ஊதறது. ஜோடியா ஊதறப்ப ரெண்டு சீவாளியும் ஒரே கொரலா பேசணும். ஒண்ணு மந்தமா, ஒண்ணு கணீர்னு இருந்துச்சின்னு வைங்க, நாங்க எத்த தேய்ப்போம்? கணீர்னு கீறத தான். மந்தமா கீறத தூக்க முடியாது. நல்லா கீறத எறக்கலாம். பல்லும் அப்டித்தானே."

அவர்கள் தொழிலில் அது சரி. என் தொழிலில் அது கொலை.

பிறகு அவளே மெதுவாக மிச்சத்தையும் சொன்னாள். போன முகூர்த்தத்தில் யாரோ ஒரு பெரியவர் மேடைக்கு வந்து, அம்மா வாசிப்புதான் வாசிப்பு என்று அவள் புருஷன் எதிரிலேயே சொல்லிவிட்டுப் போனாராம். வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடவில்லை. இவள் அடக்கி ஊதிப் பார்த்தாள். கண்டுபிடித்துவிட்டார். எனக்குப் பிச்சை போடாதே என்று கத்தினாராம். கடைசியில், இந்த சீசனோடு நான் நிறுத்திக்கொள்கிறேன், நீ நல்ல பல் உள்ள ஆளாகப் பார்த்து ஜோடி சேர்ந்துகொள் என்று சொல்லிவிட்டாராம்.

"கண்ணாலம் ஆன நாள்லேந்து அவரு பக்கத்துல நின்னு தான் ஊதிகினு கீறேன் டாக்டரம்மா. வேற யாரு பக்கத்துல போய் நிக்கறது?" என்றாள். அழவில்லை. நான்தான் கையுறையைக் கழற்றிக் கொஞ்ச நேரம் திரும்பி நின்றேன்.

எனக்கு அழுகை வந்தால் கூடவே கோபமும் வரும். பிடுங்கவே மாட்டேன், எழுந்து போ என்று சத்தம் போட்டேன். அவர் செட்டையே மாற்றுகிறேன், அவர் குரலை மேலே கொண்டுவருகிறேன், அவரைக் கூட்டிக்கொண்டு வா என்றேன். அவள் என்னை நம்பின மாதிரி தெரியவில்லை. மந்தமா கீறத தூக்க முடியாது டாக்டரம்மா என்று மறுபடியும் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

சொன்ன வாக்கைக் காப்பாற்ற நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. புது செட்டின் முன்பக்கத்தில் மெழுகைத் தடவி அவரை ஊதச் சொல்வேன். உதடு எங்கே அழுத்துகிறது, எங்கே தொங்குகிறது என்று மெழுகில் அச்சு விழும். அதைப் பார்த்து ஒரு இடத்தில் ஏற்றுவேன், ஒரு இடத்தில் சுரண்டுவேன். மறுபடி ஊதச் சொல்வேன். வாய் வலிக்கிறது என்பார், விடமாட்டேன். இதற்காகவே பல தடவை வரவழைத்தேன். செட் உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்ததால், அவர் வழக்கப்படி அவளைத் திரைக்கு வெளியே உட்கார வைத்துவிட்டார். ஆனால் காது அவளுடையதுதான். ஒவ்வொரு தடவையும் நான் திரையைப் பார்த்து, "இப்ப?" என்பேன். அந்தப் பக்கத்திலிருந்து "ம்ஹூம்" என்றோ "ம்" என்றோ வரும். முன்பெல்லாம் பேச ஆரம்பித்தால் நிறுத்தாதவள், அந்த நாட்களில் ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டே வருவாள், பொத்திக்கொண்டே போவாள். நான் பிடுங்க மறுத்ததில் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். இருக்கட்டும், வேலையை முடித்துக் காட்டுகிறேன் என்று எனக்கும் ஒரு வீம்பு.

செட் தயாராகிவிட்டது. போட்டுக்கொண்டு ஊதினார். நாயனம் நன்றாகவே நிமிர்ந்துவிட்டது. பழைய கணீர் முழுசாக வரவில்லை என்றாலும், என் கடைக் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. அவர் நாயனத்தை இறக்கிவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. திரையைத் தள்ளிவிட்டு, "உள்ள வா, ரெண்டு பேரும் சேந்து ஊதுங்க, நான் கேக்கணும்," என்று அவளை இழுத்துக்கொண்டு வந்தேன்.

அவள் தயங்கித் தயங்கி நாயனத்தை உறையிலிருந்து எடுத்தாள். நாங்கள் பார்க்காதபடி திரும்பி நின்று சீவாளியை வாயில் வைத்தாள். அவர் எடுத்தார், அவள் தொடர்ந்தாள். எனக்குச் சங்கீதம் தெரியாது. தெரியாத என் காதுக்கே நாராசமாக இருந்தது. இந்தத் தடவை அவர் மேலே, அவள் கீழே. அவள் நாயனம் ஈரத்துணியைப் போட்டு மூடின மாதிரி ஒலித்தது.

அவர் பாதியில் நிறுத்தினார். "மறுபடியும் அடக்கறியா? டாக்டரம்மா எதுத்தாப்லயே எனக்கு பிச்சை போடறியா?" என்றார். முகம் சிவந்துவிட்டது.

அவள் தலையை ஆட்டினாள். "முழுசா தான் ஊதறேன்," என்றாள். அந்த மூன்று வார்த்தைக்குள் இரண்டு இடத்தில் நாக்கு வழுக்கியது. அந்த வழுக்கல் எதனால் வரும் என்று எனக்குத் தெரியும். நான் வாயெடுப்பதற்குள் அவர் நாயனத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"வாயத் தொற."

அவள் திறக்கவில்லை.

"தொறமே," என்றார். இந்தத் தடவை சத்தமே இல்லை.

திறந்தாள். மேல் முன்பல் நாலும் பாதிக்குப் பாதி போல் குறைந்திருந்தன. உடைந்து குறையவில்லை. ஒரே மட்டமாகத் தேய்த்து, ஓரத்தில் பிசிறு இல்லாமல் வழவழவென்று எடுத்திருந்தது. உள்ளே இருக்கும் மஞ்சள் நிறம் தெரிந்தது. என் கையிலிருந்த கண்ணாடி தரையில் விழுந்து உருண்டது. அதை எடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"எதால?" என்றேன்.

"சின்ன அரம் ஒண்ணு கீது, சீவாளிக்கு வெச்சிக்கறது. அதால."

"வலிக்கல?"

"கிராம்பு வெச்சி கடிச்சிகினேன். அவரு கோயிலுக்குப் போனப்புறம் தெனம் கொஞ்சம் கொஞ்சமா. நடுவுல முகூர்த்தம் இல்ல, பல்லு கூச்சம்னு வாயப் பொத்திகினேன், அவருக்குத் தெரியல. நீங்க மாட்டேன்னுட்டீங்க இல்ல." கொஞ்சம் நிறுத்தி, "புது செட்டு இவ்ளோ பேசும்னு நான் நெனைக்கல டாக்டரம்மா," என்றாள்.

எத்தனையோ வாயைப் பார்த்தவள் நான். விபத்தில் தாடை பிளந்தவர்களைத் தைத்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. மாடி மாமிகூட ஜன்னலில் வந்து, ஏன் சத்தத்தைக் காணோம் என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அவர் கத்துவார், கை ஓங்கினாலும் ஓங்குவார் என்று நான் பயந்தேன். அவர் அவள் முகவாயைப் பிடித்து, ஒவ்வொரு பல்லாக விரல் நுனியால் தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "இத்த திரும்ப வளக்க முடியுமா?" என்று கேட்டார்.

முடியும். பல் நிறத்திலேயே ஒரு பசை இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, நீல விளக்கைக் காட்டினால் கெட்டியாகிவிடும். உள்ளே நரம்பு கெட்டுவிட்டதா என்று சோதித்தேன். தெய்வாதீனம், கெடவில்லை. அப்போதே அவளை நாற்காலியில் உட்கார வைத்தேன். பாழாய்ப்போன அந்த அரத்தை முதலில் குப்பையில் போடச் சொன்னேன்.

முதல் பூச்சு வைத்து முடித்ததும், ஊதிப் பார் என்றேன். அவள் ஊதினாள். ஊதிவிட்டு, "போதும்," என்றாள்.

அவர் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "இன்னும்," என்றார்.

இன்னொரு பூச்சு வைத்தேன். அவள் ஊதினாள், குரல் ஏறியது. அவரும் கூட ஊதினார். என் காதுக்கு அந்த இடத்தில் இரண்டும் சேர்ந்துவிட்டன. சத்தியமாகச் சேர்ந்துவிட்டன. ஒரே நாயனம் ஊதுவது போலத்தான் இருந்தது. அவள் அவசர அவசரமாக, "போதும் டாக்டரம்மா, இங்கியே நிறுத்துங்க," என்று என் கையைப் பிடித்தாள்.

"இன்னும்," என்றார் அவர்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என் கண்ணைப் பார்க்காமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் டாக்டர். பல்லைக் குறையாக விட எனக்கும் மனசு வராது. அவர் இன்னும் இன்னும் என்றார், நான் வைத்துக்கொண்டே போனேன். கடைசியில் அவள் பல் எப்படி இருந்ததோ அப்படியே வந்துவிட்டது. அவள் ஊதினாள். நாற்காலிக் கைப்பிடி வரை அதிர்ந்தது. அதற்குப் பக்கத்தில் அவர் ஊதியதும் பழையபடி இரண்டு குரல், மேலே ஒன்று, கீழே ஒன்று. அவர் நாயனத்தை உறையில் போட்டுக்கொண்டே, "சேருது," என்றார். இப்படி ஒரு பச்சைப் பொய்யை என் கடையில் யாரும் சொன்னதில்லை. அவள் அவரை முறைத்தாள், போகும்போது என்னையும் முறைத்தாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி தெருவில் இறங்கினார்கள்.

அடுத்து வந்தது என் தங்கை மகள் கல்யாணம். தி.நகரில் மண்டபம். வாசலில் கார் நிறுத்த இடமில்லாமல் ஒரே அமளி. நான் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேனே தவிர, மணமேடையைப் பார்க்கவே இல்லை. பக்கவாட்டில் மேளக்காரர்கள் மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கம் போல அவர் வலப்பக்கம், அவள் இடப்பக்கம். பக்கத்தில் தவில், நடுவில் ஸ்ருதிப் பெட்டி. ஊஞ்சலுக்கு வாசித்தார்கள். சேரவில்லை. தங்கை என் பக்கம் திரும்பி, "நீ பாத்து விட்ட ஆளுங்கதானே? என்ன இப்படி இழுத்துக்கிட்டு இருக்காங்க?" என்றாள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

மாப்பிள்ளையும் பெண்ணும் மணையில் உட்கார்ந்தார்கள். தாலித் தட்டு கூட்டத்தில் ஆசீர்வாதத்துக்குச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அப்போது அவர் எழுந்தார். அவளைச் சுற்றிக்கொண்டு போய் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார். அவள் புரியாமல் பார்த்தாள். எடுத்து வாசிக்கிறவர் இடமான வலப்பக்கத்துக்கு நகரும்படி கையைக் காட்டினார். பிறகு ஸ்ருதிப் பெட்டியை அணைத்தார். தவில்காரர் என்ன ஏது என்று தலையை ஆட்டிக் கேட்டார்.

அப்புறம் அவர் செய்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். பார்த்திருக்காவிட்டால் யார் சொல்லியும் நம்பியிருக்க மாட்டேன். அவ்வளவு ஜனத்துக்கு நடுவில், வீடியோக்காரன் விளக்கு முகத்தில் அடிக்க, அவர் வாய்க்குள் விரலைவிட்டு என் செட்டைக் கழற்றினார். கைக்குட்டையால் மறைக்கவில்லை. தலையைக் குனியவில்லை. கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார். மேலுதடு உள்ளே போய், மீசை தொங்கி, ஒரே நொடியில் கிழவராகிவிட்டார்.

அதிர்ச்சியில் நான் எழுந்து நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவர்கள் உட்காருங்கோ உட்காருங்கோ என்றார்கள். அவள் அதற்கு மேல் அதிர்ந்திருந்தாள். கையிலிருந்த செட்டைப் பார்க்கவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடமிருந்து அவர் அத்தனை நாள் ஒளித்து வைத்த வாய் அது.

அவர் நாயனத்தை எடுத்து அடிச் சுரத்தைப் பிடித்தார். ஸ்ருதிப் பெட்டி செய்கிற வேலை. மேலே போகாமல், கீழே இறங்காமல், மெல்லிசாக, விடாமல் அந்த ஒரே சுரம். பல் இல்லாத உதட்டுக்கு அதுவே பெரிது. அவள் செட்டை முந்தானையில் முடிந்துகொண்டாள். நாயனத்தை எடுத்தாள், ஆனால் வாயில் வைக்கவில்லை. அவர் ஊதிக்கொண்டே முழங்கையால் அவளை இடித்தார்.

ஐயர் விரலை உயர்த்தி, கெட்டிமேளம் கெட்டிமேளம் என்று கத்தினார். அவள் ஊதினாள். இனி அடக்க அவசியம் இல்லை, ஒத்துப்போக அவசியம் இல்லை, கீழே ஒருவர் தாங்கிக்கொண்டிருக்கிறார். அந்த மண்டபத்தில் அதற்கு முன் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. அட்சதை பறந்தது. எல்லோரும் பெண் கழுத்தைப் பார்த்தார்கள். நான் அவருடைய குழிந்த கன்னத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்தேன். கல்யாணப் பெண்ணை மகள் போல வளர்த்தவள், அழத்தான் செய்வாள் என்று தங்கை என் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

பந்தி போடும் இடத்தில் இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டேன். அழுகை போய் கோபம் வந்துவிட்டிருந்தது. அந்த செட்டுக்கு நான் எவ்வளவு பாடுபட்டேன், எத்தனை மெழுகு, எத்தனை சுரண்டல், ஊதுவதற்கென்றே செய்த செட்டை ஊதுகிற நேரத்தில் கழற்றி வைப்பார்களா என்று இலைக்கு முன்னால் நின்று பொரிந்து தள்ளினேன்.

அவர் பொக்கை வாயோடு சிரித்தார். "ஒத்த கொரலு புடிக்கறதுக்கு பல்லு எதுக்கு டாக்டரம்மா? மேல போறவ போவட்டும்."

"அவ்வளவு பேர் பாத்தாங்களே, அது பரவால்லையா உங்களுக்கு?"

"இவ கிட்டயே மறைக்கறத வுட்டுட்டேன். மத்தவன் பாத்தா இன்னா?"

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து செட்டை எடுத்தாள். இலை ஓரத்தில் இருந்த தம்ளர் தண்ணீரில் அலசினாள். "சாப்பாடு ஆறுது, போடுங்க," என்று அவரிடம் நீட்டினாள்.

அவளை வெளியே இரு என்று அவர் சொல்லவில்லை. அவள் எதிரிலேயே, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வாயைப் பெரிதாகத் திறந்து செட்டைப் பொருத்திக்கொண்டார். பொருந்தியதா என்று அவள் குனிந்து பார்த்தாள். பிறகு தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து அவர் இலையில் வைத்தாள். ஊதுவதற்காக நான் செய்த செட்டால் அவர் அதை நொறுக்கித் தின்றார்.